எந்த அடி?

சில வருஷம் முன்னாடி, அமெரிக்க நில அளவைத் தரவு ஒன்றை வரைபட மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கட்டடங்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு நாலு அடி தள்ளி நின்றன. இரண்டு நாள் என் நிரலில் பிழை தேடினேன். காரணம் 1893-ல் இருந்தது!

அடி, அங்குலம் என்றால் எங்கோ ஒரு மூலக் கம்பியைப் பூட்டி வைத்திருப்பார்கள், அதுதான் அளவு என்று நினைத்திருந்தேன். ஒரு காலத்தில் அப்படித்தான். 1834-ல் லண்டன் பார்லிமென்ட் கட்டடம் எரிந்தபோது கஜத்தின் மூலக் கம்பியும் பாழானது. அதற்குப் பதிலாகச் செய்த வெண்கலக் கம்பி, மிக மெதுவாகச் சுருங்கிக்கொண்டிருந்தது பிற்பாடு தெரியவந்தது.

அமெரிக்கா 1893-ல் வேறு வழிக்குப் போனது. மெண்டன்ஹால் ஆணைப்படி, ஒரு கஜம் என்பது ஒரு மீட்டரில் 3600/3937 பங்கு. அதாவது அப்போதே அமெரிக்க அடி மீட்டரின் பிள்ளையாகிவிட்டது. இந்தக் கணக்கில் ஓர் அங்குலம் சுமார் 25.4000508 மி.மீ. பிரிட்டிஷ் அங்குலமோ 25.4-க்குத் துளி குறைவு. துல்லியமான இயந்திர பாகங்கள் செய்பவர்களுக்கு இது தலைவலி.

1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறும் உடன்பட்டு, கஜம் சரியாக 0.9144 மீட்டர் என்று வைத்தன. அங்குலம் 25.4 மி.மீ. ஆனது இப்படித்தான். இது தோராயம் இல்லைங்க, வரையறையே அதுதான். பவுண்டும் அப்படியே: 0.45359237 கிலோ.

ஆனால் அமெரிக்க நில அளவைக்காரர்கள் கையில் பழைய அடியில் எழுதிய ஆவணங்கள் குவிந்து கிடந்தன. அதனால் அவர்களுக்கு மட்டும் 1893-ன் அடி, 'சர்வே அடி' என்ற பெயரில் நீடித்தது. இரண்டு அடிக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் 2 பங்குதான். மேஜையை அளந்தால் தெரியாது. என் தரவிலோ ஆயத்தொலைவுகள் மூலப்புள்ளியிலிருந்து கிட்டத்தட்ட 20 லட்சம் அடி. பெருக்கிப் பாருங்கள், நாலு அடி!

மீட்டரும் இப்போது கம்பி இல்லை. 1983-லிருந்து, வெற்றிடத்தில் ஒளி 1/299792458 வினாடியில் கடக்கும் தூரம். ஆக, அங்குலத்தையும் ஒளிதான் தாங்குகிறது. மெட்ரிக்கா, இம்பீரியலா என்ற சண்டை நடக்கட்டும். அடியில் இருப்பது ஒரே அளவுதான்.

சர்வே அடிக்கு 2022 முடிவோடு அதிகாரபூர்வமாக விடை கொடுத்துவிட்டார்கள். பழைய கோப்புகள் எங்கும் போகவில்லை. இப்போதெல்லாம் தரவில் 'அடி' என்று பார்த்தால், எந்த அடி என்று கேட்ட பிறகுதான் ஏற்றுகிறேன்.