கப்பற் பட்டறையும் சிறுவர் கூட்டமும்



1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் சென்றடைந்தது. ஏறக்குறைய 90 அடி நீளமுடைய அம் மரக்கலத்தின் பெயர் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’. ஆயினும் அஃது அதற்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர். பிறந்தபோது அதற்கு இட்ட பெயர் ‘அன்னபூரணி’. பிறந்த இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை. 32 அடி நீளமேயுள்ள சிறு பாய்ப்படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கப்பலை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக்குப் பெருங்கடலைத் தாண்டி அதனைச் செலுத்திச் சென்றவர்கள் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகள் நால்வரும் ஆவர்.

கடலோடிய அந்த ஐவரின் புகழை நம்மவர் பலகாலமாகப் பேசி வருகின்றனர். பேசத்தக்கதே. ஆனால், அத்திலாந்திக்கின் அலைக்கு ஈடுகொடுத்த அவ்வுடலைச் செதுக்கிய கைகள் எங்கே பயின்றன என்னும் வினா அத்துணை அடிக்கடி எழுவதில்லை. அக்கைகள் எந்தத் தொழினுட்பக் கல்லூரியிலும் பயின்றவை அல்ல. கடற்கரை மணலில், பிறர் வேலை செய்வதைப் பார்த்து நின்ற பிள்ளைப் பருவத்திலேயே அவற்றின் கல்வி தொடங்கிவிட்டது.

வல்வெட்டித்துறையிற் கப்பல் கட்டுமிடத்துக்கு மதில் இல்லை. வாயிற் காவலரும் இல்லை. திறந்த கரையில், கிடுகுக் கொட்டிலொன்றின் அருகே, ஏராக்கட்டை மணலில் நீட்டிக் கிடத்தப்படும். அதன்மேல் விலா எலும்புகளைப் போல வங்குகள் ஒவ்வொன்றாக எழும். வேம்பும் இலுப்பையும் பூவரசும் வாய்ச்சியின் வாயிற் செதுக்குண்டு சிதறும். அச்சிதறல்களைப் பொறுக்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோகும் சாட்டிற் சிறுவர் வருவர். வந்தவர் எளிதிற் போவதில்லை.

போகாதவருக்கு வேலை கிடைக்கும். பலகையிற் கோடு போடக் கரி தோய்த்த நூலின் ஒரு முனையைப் பிடிப்பதற்கு ஒருவன் வேண்டும். “தம்பி, நூலை இறுக்கிப் பிடி, அசையாதே” என்று ஓடாவியார் சொல்லி, நடுவிலே நூலைச் சுண்டி விடுவார். வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரே நொடியில் நேர்கோடு விழும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வித்தை வேறு என்ன வேண்டும்? கேத்திரகணிதம் என்னும் பெயரை அவன் கேட்டிருக்கமாட்டான். ஆனால், இரு புள்ளிகளுக்கிடையே ஒரு நேர்கோடுதான் விழும் என்பதை அவன் விரல்கள் உணர்ந்துகொண்டன.

கலப்பத்து வேலை அதனினும் இனியது. பலகைகள் பொருந்தும் இடுக்குகளிற் பருத்திப் பஞ்சைத் திரித்துச் செலுத்தி, மரச்சுத்தியலால் அடித்து இறுக்கி, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவர். பஞ்சு திரிப்பதற்குச் சிறு விரல்களே ஏற்றவை. குங்கிலியம் கொதிக்கும் வாசனை கரையெங்கும் பரவும்போது பிள்ளைகள் தாமாகவே வந்து கூடுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கலப்பத்துக்காரர் அடிக்கும் ஓசையிலும் ஒரு பாடம் உண்டு. பஞ்சு இறுகாத இடத்தில் ஓசை மொத்தென்று கேட்கும். இறுகிய இடத்திற் கணீரென்று கேட்கும். அந்த வேறுபாட்டைச் செவி பிடித்துக்கொள்ளும் காலம் இளமைக்காலமே.

‘கப்பல் சாத்திரம்’ என்னும் பழஞ்சுவடி நூலொன்று 1950ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேறியது. மரத்தின் குணங்குறிகளையும் நிமித்தங்களையும் அதிற் காணலாம். ஆனால், ஒரு பலகையை நீர் தெளித்து அனலில் வாட்டும்போது அஃது எந்தக் கணத்தில் வளைய இசையும் என்பதை எந்த ஏட்டிலும் எழுதிவைத்தல் இயலாது. அஃது ஒருவர் அருகில் நின்று மற்றவர் பார்த்தாலன்றி வராத அறிவு. ஆகவே, வரைபடமின்றிக் கண்ணளவாலும் கைப்பழக்கத்தாலும் கப்பல் கட்டிய அம்மக்களுக்கு, வேடிக்கை பார்க்கும் பிள்ளையே ஏடு.

இதிற் பிள்ளைக்கு மட்டுந்தான் இன்பம் என்று எண்ணுதல் தவறு. நாள்முழுதும் ஒரே உளியைப் பிடித்திருப்பவனுக்குச் சிறுவனொருவனின் ‘ஏன்?’ என்னும் கேள்வி இளநீர் போன்றது. ‘இந்த ஆணியை ஏன் சரித்து அடிக்கிறீர்கள்?’ என்று கேட்கப்படும்போதுதான், முப்பது ஆண்டுகளாகத் தான் அவ்வாறு செய்துவருவதன் காரணத்தை அவன் எண்ணிப் பார்க்கிறான். பிள்ளைகள் காலிற் சிக்கினால் வேலை கெடும், கை வெட்டுண்ணும் என்று அவர்களை விரட்டியவர்களும் இருந்திருப்பர். அஃது அவர்கள் குற்றமுமன்று.

அக்கரை எல்லோர்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருந்தது என்று சொல்லுதல் மிகையாகும். பெண் பிள்ளைகள் சிராய் பொறுக்கலாம்; உளி பிடிக்க முடியாது. தொழிலோ குடும்ப வழியாகவும் குலவழியாகவும் இறங்கியது. பார்ப்பதற்கு உரிமை பெற்ற பிள்ளைகள் பலர். பழகுவதற்கு உரிமை பெற்றவர் சிலரே. நமது பழைய பட்டறைகளைப் போற்றிப் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மேல்நாட்டிலே ஜோன் டூயி என்னும் அறிஞர் 1896ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கித் தச்சு வேலையையும் நெசவையும் சமையலையும் பாடங்களின் நடுவில் வைத்தார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணம் வந்து மாணவரிடையே பேசிச் சென்ற காந்தியடிகள், பத்தாண்டுகள் கழித்து வார்தாவிற் கைத்தொழிலை அடிப்படையாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். உலகம் அரிதின் முயன்று பள்ளிக்குள் கொண்டுவர விரும்பிய பட்டறை, வல்வெட்டித்துறையிற் பள்ளிக்கு வெளியே ஏற்கெனவே இருந்தது. நாமோ பிள்ளையை அதனிடமிருந்து விலக்குவதிலேயே கருத்தாயிருந்தோம். குடாநாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெருகிய பாடசாலைகள் பெருநன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும், மலாயாவிலும் கொழும்பிலும் எழுதுவினைஞர் உத்தியோகம் காத்திருக்க, கையில் மையூறியவன் உயர்ந்தவன், குங்கிலியம் ஒட்டியவன் தாழ்ந்தவன் என்னும் கணக்கும் அவற்றோடு வந்தது.

கப்பலுக்கு வேண்டிய வாணிபமும் தேய்ந்தது. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மாவிலிருந்து அரிசியும் மரமும் ஏற்றிவந்தவை. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வழி அடைபட்டது. 1948க்குப் பின்னர் சுங்கமும் குடிவரவுச் சட்டங்களும் இந்தியக் கரையோடு இருந்த பழைய போக்குவரத்தை இறுக்கின. புதிய கப்பல் வேண்டுவார் குறைந்தபின் கரையில் ஏராக்கட்டை இடுவார் யார்? பார்த்து நிற்கப் பிள்ளைகள் இருந்தனர்; பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லாதுபோயிற்று.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் இலங்கை அரசு தொழில் முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளிற் புகுத்தியது. அவ்வவ்வூரின் தொழில்களையே பிள்ளைகள் ஆராய வேண்டும் என்னும் நோக்கம் மிக நல்லது. ஆனால், திட்டத்தை நடத்தியவர்கள் ஊர்த் தொழிலாளியின் இடத்திற் பெரும்பாலும் ஆசிரியரை நிறுத்தினர். கரைக்குப் போகவேண்டிய பிள்ளை, கரையைப் பற்றிக் கொப்பியில் எழுதினான். பெற்றோரும் தம் மக்களைத் தச்சராக்கவோ இத்திட்டம் என்று முகம் சுளித்தனர். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. ஐந்தாண்டு வளர்ந்த செடியைக் கனி தரவில்லை என்று பிடுங்கியது அவசரமே எனலாம்.

இன்று அதே கரையிற் கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அச்சில் வார்க்கப்பட்டவை அவை. அவற்றில் நூல் பிடிக்கவும் பஞ்சு திரிக்கவும் வேலையில்லை. ஆனால், படகின் பின்புறத்தே பூட்டும் பொறி அடிக்கடி பழுதுபடுகிறது. அதைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பித் திருத்துகிறவரைச் சுற்றி, பாடசாலை விட்ட பின்னர், நாலைந்து சிறுவர் குந்தியிருக்கின்றனர். கழற்றிய திருகாணிகளை அவர் ஒருவன் கையிற் கொடுத்து வைக்கிறார். அவன் அவற்றைக் கழற்றிய வரிசைப்படியே சாக்கில் அடுக்குகிறான்.