தரிசுன்னு சொன்னது யாரு?

சூரிய மின் நிலையத்துக்கு இடம் தேடி வருகிறவர்கள் வாயில் முதலில் வருகிற சொல் 'தரிசு'. விளைகிற நிலத்தில் கை வைக்கவில்லை, தரிசைத்தான் எடுக்கிறோம், யாருக்கும் நட்டமில்லை என்பார்கள். இந்தச் சொல்லுக்குள் நம் சனங்களின் நூறு வருசக் கதை கிடக்கிறது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஊரில் எவ்வளவு தரிசு கிடந்தாலும், சேரிக்காரன் தர்க்காசு போட்டுக் கேட்டால் கிடைக்காது. மிராசுதாரருக்கே முன்னுரிமை. அவரும் உழ மாட்டார், உழுகிறவனையும் விட மாட்டார். சேரிக்காரனுக்குக் காணி கிடைத்துவிட்டால் விடியற்காலையில் பண்ணைக்கு எவன் வருவான்? குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதாரருடையது என்றால் வாய் திறக்க முடியுமா? ஆக, தரிசு தானாகத் தரிசாகக் கிடக்கவில்லை. கிடக்க வைத்தார்கள்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் சென்னை மாகாண அரசின் 1010 எண்ணுள்ள ஆணை வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம் மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்று நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது. நிலம் கைவிட்டுப் போனது. ஒரு மூட்டை நெல்லுக்கும் கலியாணக் கடனுக்கும் எழுதி வாங்கினார்கள். 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். பதிவில் பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பே காணாமல் போனது என்று நில மீட்புத் தோழர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

புதுச்சேரிக்காரன் இதையெல்லாம் ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். எங்களுடையது பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண். வெள்ளைக்காரன் போட்ட 1892 ஆணை எல்லையோடு நின்றுவிட்டது. வில்லியனூர், பாகூர் பக்கம் போனால் ஒரு தெரு எங்களுடையது, அடுத்த தெரு தமிழ்நாடு. அந்தப் பக்கச் சேரிக்காவது கேட்பதற்கு ஓர் அரசாணை உண்டு, இந்தப் பக்கச் சேரிக்கு அதுவும் கிடையாது. ஆனால் எங்கள் நகரத்து விளக்கு எங்கள் மண்ணில் எரிவதில்லை. காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று இருக்கிறது, மற்றபடி பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. அதில் நெய்வேலி மின்சாரமும் உண்டு. யாரோ விட்டுக்கொடுத்த நிலத்தில்தான் நாங்கள் சுவிட்சு போடுகிறோம். நாளைக்கு அது சூரிய மின்சாரமாக வந்தாலும் அதே கதைதான்.

இப்போது அனுமதி விசயத்துக்கு வருவோம். 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய திட்டங்கள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டும் என்றது. கூட்டம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். பந்தல், போலீஸ், காபி. இருந்தாலும் ஒரு கிழவி எழுந்து மைக்கைப் பிடித்து, "எங்க ஆடு எங்கடா மேயும்?" என்று கேட்க முடியும். அது பதிவாகும். 2011-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: சூரிய ஒளித் தகடு மின் நிலையங்கள் இந்த அறிவிக்கைக்குள் வராது. அனுமதி வேண்டாம் என்றால் கருத்துக்கேட்பும் வேண்டாம். கிழவிக்கு மைக் போச்சு. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை 'வெள்ளை' வகையில் சேர்த்தது. இசைவு வாங்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று வாய்க்கால் வெட்டிப் பிரித்த ஊர்க்காரர்களுக்கு இந்த நிறப்பிரிப்பு புதிதில்லை.

புகை இல்லை, சாம்பல் இல்லை என்பது உண்மை. நெய்வேலிச் சாம்பலைப் பார்த்தவன் அதை மறுக்க மாட்டான். ஆனால் புகை இல்லாததால் நிலம் வேண்டாம் என்றாகிவிடுமா? இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் திறந்த அதானி நிலையம் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கர். உச்சவரம்புச் சட்டத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தரநிலை ஏக்கர்தான், அதையும் மீட்டுத் தர முடியவில்லை என்று கைவிரிக்கிற நாடு இது. அந்தச் சீமையில் வெளியாள் கண்ணுக்குத் தெரிவது கருவேலங்காடு. அந்தக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுத்தான் அங்கே பல ஏழைக் குடும்பங்களில் உலை கொதிக்கிறது. விறகு, ஆட்டுத்தழை எல்லாம் அதிலிருந்துதான். 2000 முதல் அரசு வெளியிட்டுவரும் தரிசு நில வரைபடத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஆடு தெரியாது, விறகுக்கட்டு தெரியாது.

கர்நாடகத்துப் பாவகடாவைச் சிலர் நல்ல உதாரணமாகக் காட்டுவார்கள். 2,050 மெகாவாட், ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கர். நிலத்தைப் பறிக்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருசம் 21,000 ரூபாய். மழை பொய்த்த சீமையில் அது நல்ல காசுதான். யாருக்கு? பட்டா வைத்திருப்பவனுக்கு. பத்து ஏக்கர்காரனுக்கு வருசம் இரண்டு லட்சம் வீடு தேடி வரும். அவன் காட்டில் களையெடுத்தவளுக்கு என்ன வரும்? கூலி நின்றதுதான் மிச்சம்.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. நிலமில்லாத கூலியும், மூன்று வருசம் அங்கே பிழைத்தவர் என்றால், பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று எழுதிவைத்தது. கம்பெனி நேராகப் போய் விலை பேசினாலோ குத்தகை பேசினாலோ அந்தச் சட்டம் பெரும்பாலும் குறுக்கே வராது. தரகர் வருவார்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கடல் ஏறினால் முதலில் நனைவது எங்கள் குடிசைதான். இடத்தை முடிவு செய்வதற்கு முன் மூன்று காரியம் நடக்க வேண்டும் என்கிறேன். அ-பதிவேட்டோடு யூ.டி.ஆருக்கு முந்தைய பழைய பதிவேட்டையும் எடுத்து, பஞ்சமியா என்று கிராமசபையில் வாசிக்க வேண்டும். மேய்க்கிறவர், விறகு வெட்டுகிறவர், கரி சுடுகிறவர், கூலிக்குப் போகிறவர் பெயரை ஊர் முன்னால் எழுத வேண்டும். பஞ்சமி என்று தெரிந்தால் அந்த இடத்தை மீட்டுச் சேரிக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனி வேண்டுமானால் சேரியிடம் வந்து குத்தகை பேசட்டும். ஏக்கருக்கு 21,000 என்றால் எங்களுக்கும் கணக்குப் போடத் தெரியும்.