தக்கபிஷா

தக்கபிஷா என்பது சப்பானின் யமனாஷி மாகாணத்தில், ஃபுஜியோஷிடா நகரிலுள்ள ஃபுஜி-கியூ ஹைலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் அமைந்த உருக்கு ரோலர் கோஸ்டர் ஆகும். செருமனியின் கெர்ஸ்ட்லாவர் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2011 சூலை 16 அன்று திறக்கப்பட்டபோது, 121 பாகைச் சரிவு காரணமாக உலகின் மிகச் செங்குத்தான உருக்கு ரோலர் கோஸ்டர் என்ற சிறப்பைப் பெற்றது.

பெயர்

இப்பெயர் ஷோகி எனப்படும் சப்பானியச் சதுரங்கத்திலிருந்து வந்தது. அதில் "ஹிஷா" (பறக்கும் தேர்) என்னும் காய், நமது சதுரங்கத்தின் யானையைப் போல நேர்க்கோட்டில் நகரும். அதனைத் தன் காலாட்களுக்கு முன்னே நிறுத்தி எதிரியை நெருக்கும் ஆட்டமுறையே தக்கபிஷா. நாளடைவில் இச்சொல் அகந்தை, அடாவடி என்ற பொருளையும் பெற்றது. உயரம், பறத்தல், வண்டி என்ற மூன்று எழுத்துகளால் எழுதப்படுவதால் இங்கு மிகவும் பொருந்துகிறது.

அமைப்பு

தடத்தின் உயரம் 43 மீட்டர், நீளம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒரு வண்டியில் எட்டுப் பேர் அமரலாம். தடத்தில் ஏழு தலைகீழ்ச் சுழற்சிகள் உள்ளன. முற்பகுதியில் நேரியல் மோட்டார்கள் வண்டியை மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கு உந்துகின்றன. பிற்பகுதியில் வண்டி செங்குத்தாக மேலேற்றப்பட்டு, உச்சியில் சில நொடிகள் நிறுத்தப்பட்டபின் விடப்படுகிறது. பயணிகள் பலரும் அஞ்சுவது அந்த நிறுத்தத்தையே.

121 பாகையின் பொருள்

கிடைமட்டத்திலிருந்து அளந்தால் செங்குத்து என்பது 90 பாகை. 121 பாகையில் தடம் அதையும் கடந்து 31 பாகை உள்நோக்கி மடிகிறது. அங்கே வண்டி தடத்தின் மேல் நிற்பதில்லை, அதன் அடியில் தொங்குகிறது. தடத்தின் மேலும் பக்கத்திலும் ஓடும் சக்கரங்களுடன், அடிப்புறத்தைப் பற்றி ஓடும் சக்கரங்களும் இருப்பதாலேயே வண்டி கழன்று விழுவதில்லை.

சரிவு கூடினால் வேகமும் கூடும் என்பது பரவலான தவறான எண்ணம். 121 பாகையில் தடத்தின் வழியே செயல்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 86 விழுக்காடு மட்டுமே. 90 பாகைச் சரிவில்தான் அது முழுமையாகச் செயல்படும். உராய்வை விட்டுவிட்டால் அடியில் கிடைக்கும் வேகத்தை உயரமே தீர்மானிக்கிறது: 43 மீட்டருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 105 கி.மீ. கூடுதல் சரிவு தருவது வேறோர் உணர்வு. புவியீர்ப்பின் ஏறக்குறையப் பாதி பயணியை இருக்கையிலிருந்து வெளியே இழுக்கிறது. அவரைத் தாங்குவது பாதுகாப்புப் பிடி மட்டுமே.

சாதனை

2019 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில், அமெரிக்கன் ட்ரீம் வணிக வளாகத்தில் திறக்கப்பட்ட ஷெல்ரெய்சர் 121.5 பாகையுடன் இச்சாதனையை முறியடித்தது. அதையும் கெர்ஸ்ட்லாவரே கட்டியது. அரைப் பாகை வேறுபாட்டைப் பயணி எவரும் உணர முடியாது. அது விளம்பரத்துக்கானது என்றே கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

இதே பூங்காவிலிருந்த டோ-டோடோன்பா என்னும் அதிவேக ரோலர் கோஸ்டர், பயணிகள் சிலருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டதை அடுத்து 2021 ஆகத்தில் நிறுத்தப்பட்டது. அது நிரந்தரமாக மூடப்படுவதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. தக்கபிஷாவில் 2025 பெப்ரவரி 28 அன்று, பராமரிப்புப் பணியின்போது ஊழியர் ஒருவர் வண்டியில் சிக்கி உயிரிழந்தார்.