கேட்டு அளிக்கும் உதவி

வீடிழந்தோர்க்கு உணவளித்தல் அறம். அவர்தம் வாழ்வைப் பற்றி அவர்களையே கேட்டறிதல் அதனினும் பெரிய அறம். பாலஸ்தீன அகதிகளின் வரலாறு இதற்குச் சான்று.

1948ஆம் ஆண்டுப் போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். அவருள் சுமார் 1 லட்சம் பேர் லெபனானை அடைந்தனர். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1949 டிசம்பரில் நிறுவிய நிவாரண அமைப்பு 1950 மே மாதம் பணி தொடங்கியது. கூடாரமும் மாவும் கிடைத்தன, பள்ளிகளும் எழுந்தன. ஆனால் பங்கீட்டு அட்டையில் பெயர் பெற்றோர்க்கு முடிவெடுக்கும் அவையில் இடமில்லை. லெபனான் முகாம்களில் இராணுவ உளவுத்துறையின் கெடுபிடி மிகுந்திருந்தது; வீட்டுக்குச் சிமெண்டுக் கூரை இடவும் தடை இருந்தது. மறுபுறம், குடியமர்த்தும் திட்டங்கள் ஊர் திரும்பும் உரிமையைப் பறிக்குமோ என்று அகதிகளே அஞ்சினர். கேளாது செய்யும் உதவி ஐயத்தையே வளர்க்கும்.

1969 நவம்பரில் கையெழுத்தான கெய்ரோ உடன்படிக்கை, முகாம் மக்கள் தமக்கென உள்ளூர்க் குழுக்கள் அமைக்க வழிசெய்தது. குடிநீர், மின்சாரம் முதலியவற்றை அக்குழுக்கள் கவனித்தன. அதே உடன்படிக்கை ஆயுதப் போராட்டத்திற்கும் இடந்தந்தது. அதனால் விளைந்த இன்னல்களும் பல. 1987இல் லெபனான் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. குழுக்களோ மறையவில்லை. எனினும் அவற்றின் உறுப்பினரைப் பெரும்பாலும் இயக்கங்களே நியமித்தன. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தவர் அரியர். பெண்களும் இளைஞரும் தமக்கும் இடம் வேண்டினர்.

குழு அமைவது முதற்படியே. அதில் எளியவர் குரலும் ஒலிக்கும் நாளில்தான் உரிமை நிறைவுறும்.