வெரிபீயில் பேருந்து ஏறுதல்

மெல்போர்ன் நகர மையத்திலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, ஜீலாங் போகும் வழியில் இருக்கிறது வெரிபீ. முதுகெலும்பு என்று பொருள்படும் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். ஆற்றுக்கும் அதே பெயர்தான். 1857-இல் ஜீலாங் ரயில்பாதை போட்டபோதே ஊருக்கு ரயில் வந்துவிட்டது. 1983-இல் மின்சார ரயிலும் வந்தது. ஆனால் வீடுகள் பெரும்பாலும் ரயிலடியில் இல்லை. சுற்றியுள்ள சமவெளியில் வரிசை வரிசையாகப் பரந்து கிடக்கின்றன. வீட்டுக்கும் ரயிலுக்கும் நடுவே உள்ள அந்த மூன்று நான்கு கிலோமீட்டர்தான் புதிதாக வருபவனைப் படுத்தும். நம்மவர்கள் வந்த சில மாதங்களிலேயே பழைய கார் ஒன்றை வாங்கிவிடுவதால் இந்தப் பாடு சீக்கிரம் மறந்துபோகிறது.

நான் 2016 ஜூலையில், நல்ல குளிரில் வந்து இறங்கினேன். எம்.இ. பட்டமும் சில வருட மென்பொருள் அனுபவமும் இருந்தன; வேலையும் காரும் இல்லை. முதல் நேர்காணல் நகரத்தில், காலை பத்து மணிக்கு. சென்னையில் நிற்பதுபோல நிறுத்தத்தில் நின்றேன். பேருந்து வந்தது. வேகம் குறையாமல் என்னைக் கடந்து போய்விட்டது! அடுத்த பேருந்து நாற்பது நிமிடம் கழித்துத்தான். நேர்காணலுக்கு அரை மணி தாமதமாகப் போய், "பஸ் நிற்கவில்லை" என்று சொன்னேன். எதிரில் இருந்தவர் தலையசைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த வேலை கிடைக்கவில்லை.

ஓட்டுனர் மேல் தப்பில்லை. இங்கே கை காட்ட வேண்டும். ஆட்டோவை நிறுத்துவதுபோல, பேருந்து கொஞ்சம் தூரத்தில் வரும்போதே கையை நீட்டிவிட வேண்டும். இறங்குவதற்கு உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றாத அளவுக்கு அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

நடத்துனர் கிடையாது. முன்வாசலில் ஏறி, மைக்கி அட்டையை அங்குள்ள கருவியில் காட்ட வேண்டும். முன்பிருந்த மெட்கார்டு 2012 இறுதியோடு போய்விட்டது. கட்டணக் கணக்கு வேடிக்கையானது. இரண்டு மணி நேரக் கட்டணம் என்று பெயர், ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அடுத்த முழு மணியிலிருந்துதான் தொடங்கும். 8.10-க்கு அட்டையைக் காட்டினால் 11 மணி வரை செல்லும். (நிரல் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் சீலிங் ஃபங்ஷன்.) மாலை 6 மணிக்குமேல் ஏறினால் மறுநாள் விடிகாலை 3 மணி வரை செல்லும். பேருந்துக்கும் ரயிலுக்கும் டிராமுக்கும் சேர்த்து ஒரே கட்டணம்தான். விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு முதியோர் சலுகை கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த அட்டை இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குத்தான்.

பழைய நண்பர்கள் சொல்லும் பேருந்து எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். 2015 ஜூனில் டார்னிட், விண்டம் வேல் ரயில் நிலையங்கள் திறந்தபோது இப்பகுதியின் பேருந்துத் தடங்களை மாற்றி அமைத்தார்கள். வெரிபீ நிலையத்திலிருந்து விண்டம் வேல் நிலையத்துக்கு 190. வெரிபீ சவுத் பக்கம், அதாவது பழைய மாளிகைக்கும் மிருகக்காட்சி சாலைக்கும், 439. இன்னொரு குழப்பம்: வெரிபீ பெயரைத் தாங்கிய பெரிய வணிக வளாகமான பசிபிக் வெரிபீ இருப்பது வெரிபீயில் அல்ல, பக்கத்து ஹாப்பர்ஸ் கிராசிங்கில்.

2018-இல் அம்மா ஆறு மாதம் வந்திருந்தார். அப்போது எனக்கு வேலையும் இருந்தது, காரும் இருந்தது. ஆனால் காலை ஏழரைக்கு நான் கிளம்பினால் மாலை வரை அவர் ஜன்னலோரம்தான். தஞ்சாவூரில் தனியாக பேங்குக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்தவர். மூன்றாவது வாரம், "என்னை ஊருக்கு அனுப்பிடுடா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை காரை எடுக்காமல் பேருந்தில் அழைத்துப்போனேன். "கண்டக்டர் இல்லேன்னா, ரைட் போகலாம்னு அந்தத் தம்பிக்கு யாருடா சொல்றது?" என்று கேட்டார். இறங்கும்போது எல்லோரும் ஓட்டுனருக்கு நன்றி சொல்வதைப் பார்த்து அவரும் "தேங்க்ஸ் தம்பி" என்றார். தலைப்பாகை கட்டிய அந்த ஓட்டுனர் "ஓகே மாதாஜி" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் தனியே போனவர், திரும்பும்போது சாலையின் எதிர்ப்பக்கம் நிற்காமல் இறங்கிய இடத்திலேயே ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்விட்டார். அதே பேருந்து திரும்பும்போது ஓட்டுனர் கூட்டிவந்து வீட்டருகே இறக்கிவிட்டாராம். எனக்கு இதைச் சொன்னதே இரண்டு நாள் கழித்துத்தான். அதற்குள் ஒரு சின்ன நோட்டில் பேருந்து எண், நிற்க வேண்டிய பக்கம், கடைசி வண்டியின் நேரம் மூன்றையும் எழுதிவைத்திருந்தார். ஊருக்குப் போகும்போது அந்த நோட்டை எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த ஈழத்து அம்மா ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.