விலைக்கு வந்த வாஷிங்டன் வீடு

போன வாரம் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணா, தாத்தா வீட்டுல மேலப் பக்கம் ஓடு சரிஞ்சு போச்சு. ரிப்பேர் செலவு கேட்டா தலை சுத்துது. வித்துடலாமா?" நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொல்ல? 'யோசிப்போம்' என்று வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த இன்னொரு வீட்டின் கதை ஞாபகம் வந்தது.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் வீடு அது. வர்ஜீனியாவில், போட்டோமாக் நதிக்கரையில் இருக்கும் மவுண்ட் வெர்னன். அவர் காலத்தில் சுமார் 8,000 ஏக்கர் பண்ணை. 1799-ல் அவர் இறந்தபோது அங்கே 317 அடிமைகள் இருந்தார்கள். அந்த வீட்டின் பெருமையைப் பேசும்போது அவர்கள் உழைப்பை மறக்கக் கூடாது.

வாஷிங்டனுக்குப் பிள்ளை இல்லை. நிலம் உறவினர்களுக்குள் பங்கு பிரிந்தது. மண் சத்திழந்து வருமானம் குறைந்தது. வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மட்டும் குறையவில்லை! 1850-களில் வீடு அவருடைய தம்பியின் கொள்ளுப்பேரன் கையில் இருந்தது. நதி பார்த்த தாழ்வாரம் விழாமல் இருக்கக் கப்பல் பாய்மரத்தை முட்டுக் கொடுத்திருந்தார்கள். விற்கிறேன் என்றார். மத்திய அரசும் வாங்கவில்லை, மாநில அரசும் வாங்கவில்லை.

1853-ல் நீராவிப் படகில் அந்த வழியே போன லூயிசா கன்னிங்ஹாம் என்ற அம்மாள், வீட்டின் கோலத்தைப் பார்த்து மனம் நொந்து மகளுக்குக் கடிதம் எழுதினார். மகள் ஆன் பமேலா, சிறு வயதில் குதிரையிலிருந்து விழுந்து உடல்நலம் கெட்டவர். அவர்தான் பெண்களைத் திரட்டிச் சங்கம் ஆரம்பித்தார்.

பேங்க்காரனான எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். 1858-ல் ஒப்பந்தம். வீடும் 200 ஏக்கரும் சேர்த்து 2,00,000 டாலர். முன்பணம் 18,000, மீதி தவணை. எட்வர்ட் எவரெட் என்ற பேச்சாளர் ஊர் ஊராகப் பேசியே சுமார் 69,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். 1859 முடிவதற்குள், கெடுவுக்கு முன்பே, கணக்கு முடிந்தது. (என் கிளையில் இப்படி நாலு கஸ்டமர் இருந்தால் போதும்!)

1860 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்த நாளன்று வீடு கைக்கு வந்தது. உள்ளே சாமான் ஏதும் பெரிதாக இல்லை. அவருக்குப் பரிசாக வந்த பாஸ்டீல் சிறைச் சாவி பத்திரமாக இருந்தது. அடுத்த வருஷமே உள்நாட்டுப் போர். எந்தப் பக்கத்துச் சிப்பாயானாலும் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. அந்தச் சங்கம்தான் இன்றும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. 2023-ல் மறுபடி பெரிய ரிப்பேர் வேலை ஆரம்பித்தார்கள்.

வாங்கியதோடு செலவு முடியவில்லை, பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது பணம் போட்டதால்தான் வீடு நிற்கிறது. நம் தாத்தா வீட்டுக்காக யாரும் ஊர் ஊராகப் பேசி வசூல் செய்யப் போவதில்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மூணு பேர் பேர்லயும் ஒரு கணக்கு ஆரம்பிப்போம். ஒரு வருஷம் மாசாமாசம் போடுவோம். போட முடியலேன்னா, வித்துடலாம். அழக்கூடாது."

தங்கையும் சரி என்றாள். முதல் தவணை நான் போட்டாகிவிட்டது. பார்ப்போம்.