காசுக்கட்டியும் கப்பல் பாயும்

கிடர்பூர் என்றால் 1892-ல் திறந்த கப்பல்துறைதான் பலருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே ஜேம்ஸ் கிட் இங்கே கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். 74 பீரங்கி தாங்கிய 'ஹேஸ்டிங்ஸ்' 1818-ல் அவர் கட்டியது.

மரம் நின்றுவிடும். சீக்கிரம் போவது பாய்தான். பருத்தி, சணல் காலத்துப் பாய்க்கு முதல் எதிரி ஈரமும் பூஞ்சையும். மருந்து எது தெரியுமா மக்களே? நம்ம வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் காசுக்கட்டி! இங்கே கயேர் என்பார்கள். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் போனது. இங்கிலாந்து மீனவர்கள் அதைக் காய்ச்சிப் பாயையும் வலையையும் தோய்த்தெடுத்தார்கள். பழைய படங்களில் செம்பழுப்புப் பாய் தெரிகிறதே, அந்தச் சாயத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1941-ல் டெரிலீன் வந்தது. 1950களில் பாயும் பாலியெஸ்டர் ஆனது. பூஞ்சை பயம் குறைந்தது, வெயில் பயம் வந்தது. புற ஊதாக் கதிர் பாலியெஸ்டர் இழையை நாளடைவில் இற்றுப்போக வைக்கும். அதிலும் முன்பாயை இறக்காமல் கம்பியிலேயே சுருட்டி வைக்கும் வழக்கம் வந்தபின், வெளியே தெரியும் விளிம்பு மட்டும் வருஷம் முழுக்கக் காயும். ஆகவே அந்த விளிம்பில் ஒரு காப்புத்துணிப் பட்டை.

எந்தத் துணி? இழையிலேயே நிறம் ஏற்றிய அக்ரிலிக் (1961-ல் வந்த சன்பிரெல்லா இந்த ரகம்) நெடுநாள் உழைக்கும், ஆனால் கனம். பூச்சு பூசிய பாலியெஸ்டர் லேசு. இளங்காற்றிலும் பாய் நன்றாக விரியும், ஆனால் ஆயுள் குறைவு. பந்தயம் ஓடாதவருக்கு தேய்மானக் கணக்குப்படி அக்ரிலிக்தான்.

ஒன்று மட்டும் மறக்கிறார்கள்: நூல். துணி திடமாக இருக்க, சாதாரண பாலியெஸ்டர் தையல் முதலில் விட்டுவிடும். டெஃப்லான் வகை நூல் விலை அதிகம். மறுதையல் கூலியைப் பார்த்தால், நான் அதற்குத்தான் கடன் சாங்ஷன் பண்ணுவேன் :-)